சர்வீஸ் யாருக்கு, புள்ளி யாருக்கு?

2004 ஆகஸ்ட், ஏதென்ஸ் ஒலிம்பிக். பெண்கள் கைப்பந்து அரையிறுதியில் பிரேசில் இரண்டு செட் எடுத்திருக்கிறது, ரஷ்யா ஒன்று. நான்காவது செட்டில் பலகை 24–19 என்று காட்டுகிறது. ஒலிம்பிக் இறுதியாட்டத்தை அதுவரை எட்டியே இராத பிரேசில் பெண்களுக்கு வேண்டியது ஒரே ஒரு புள்ளி.

அந்தப் புள்ளி கிடைக்கவில்லை. ரஷ்யா ஒவ்வொன்றாகச் சேர்த்து 24–24க்கு வந்தது. செட்டை 28–26 என்று பறித்தது. ஐந்தாவது செட்டையும் 16–14 என்று முடித்துக்கொண்டு இறுதிக்குப் போனது. பிரேசிலில் அந்த ஆட்டத்தை இன்றும் ஒரு துக்கம்போல நினைவுகூர்கிறார்கள்.

பிரேசிலின் பதற்றத்தைக் காரணம் சொல்வார்கள். இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான ரஷ்ய வீராங்கனை எகத்தரீனா கமோவாவின் அடியைச் சொல்வார்கள். இரண்டும் சரிதான். ஆனால் அந்தப் பலகைக்குள் இன்னொரு செய்தி இருக்கிறது. புள்ளி எடுத்த அணிதான் அடுத்த சர்வீஸைப் போட வேண்டும் என்பது விதி. ஆக, ரஷ்யா 20ஐத் தொட்டதிலிருந்து சர்வீஸ் ரஷ்யாவிடமே இருந்தது. 24–20, 24–21, 24–22, 24–23 என்று நான்கு முறை அடுத்தடுத்து பிரேசில் பந்தை வாங்கும் பக்கத்தில் நின்றது. கைப்பந்தில் வாங்கும் பக்கம்தான் வசதியான பக்கம். அந்த வசதி நான்கு முறையும் கைவிட்டது என்பதுதான் அந்த மாலையின் விபரீதம்.

டென்னிஸ் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். அங்கே சர்வீஸ் வைத்திருப்பவர் கைதான் ஓங்கியிருக்கும், அவர் அதைப் பறிகொடுத்தால்தான் செய்தி. கைப்பந்திலோ, நாணயம் சுண்டி வென்ற அணித்தலைவர்களில் பலர் சர்வீஸைக் கேட்பதில்லை. "நாங்கள் வாங்குகிறோம்" என்று சொல்லிவிட்டுத் தங்கள் பக்கம் போய் நிற்கிறார்கள்.

ஏன் என்பது எளிது. சர்வீஸ் பந்து வலையைத் தாண்டியதும் எதிரணிக்கு மூன்று தொடுதல்கள் கிடைக்கின்றன. முதல் தொடுதல் பாஸ். அது, அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரின் தலைக்கு மேல் ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டால் அவருக்கு எல்லா வழிகளும் திறந்துவிடும். இடது ஓரத்தில் ஓடிவருபவருக்குத் தூக்கலாம், நடுவில் குதிப்பவருக்குத் தாழ்வாகக் கொடுக்கலாம், முதுகுப்பக்கம் தள்ளலாம், மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்து பாய்பவருக்கும் விடலாம். எதிரே மறிக்க நிற்கும் மூவரும் பந்து யாரிடம் போகிறது என்று தெரிந்துகொள்வதற்குள் அடி விழுந்துவிடும். அதாவது ஒவ்வொரு ரேலியிலும் முதல் ஸ்மாஷ் அடிக்கும் வாய்ப்பு வாங்கும் அணிக்குத்தான். உயர்தர ஆண்கள் ஆட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு ரேலிகளை வாங்கும் அணியே வெல்கிறது. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், ஓர் அணி நான்கு முறை தொடர்ந்து பந்தை வாங்கி நான்கிலும் தோற்பதற்கான வாய்ப்பு எண்பத்தொன்றில் ஒன்று. பெண்கள் ஆட்டத்தில் ரேலிகள் நீளம் என்பதால் வாங்கும் அணியின் சாதகம் கொஞ்சம் குறையும். அப்படியும் பிரேசிலுக்கு நடந்தது அரிதினும் அரிது.

சர்வீஸ் போடுவதை ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் சடங்காக நம்மூர்ப் பள்ளி மைதானங்கள் பலவற்றில் கற்றுத் தருகிறார்கள். உண்மையில் அது அந்த முதல் பாஸைக் கெடுப்பதற்கான ஒரே ஆயுதம். இதை விளங்கிக்கொண்டால் கைப்பந்தின் புள்ளிக் கணக்கு நூற்றாண்டுக்கு மேலாக ஏன் மாறிக்கொண்டே வந்தது என்பதும் விளங்கும்.

இன்னிங்ஸ் வைத்து ஆடிய காலம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோலியோக் என்றொரு ஊர். அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த வில்லியம் ஜி. மார்கன் 1895இல் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு பக்கத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்திருந்தார். மார்கனிடம் வந்த நடுவயது வணிகர்களுக்கு அந்த ஓட்டமும் மோதலும் ஒத்துவரவில்லை. அவர்களுக்காக நடுவில் வலையைக் கட்டி, இரு தரப்பையும் தொட்டுக்கொள்ளாமல் பிரித்து நிறுத்தினார். முதலில் வைத்த பெயர் மின்டனெட். மறு ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டில் ஆடிக் காட்டியபோது, ஆல்ஃப்ரெட் ஹால்ஸ்டெட் என்பவர் சொன்னதை ஏற்று வாலிபால் என்று மாற்றினார்கள்.

மார்கன் பிற ஆட்டங்களிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டார். பேஸ்பாலிலிருந்து ஒன்பது இன்னிங்ஸ் வந்தது. டென்னிஸிலிருந்து, முதல் சர்வீஸ் தவறினால் இரண்டாவது வாய்ப்பு வந்தது. புள்ளி, சர்வீஸ் போடும் தரப்புக்கு மட்டுமே. வாங்கும் தரப்பு ரேலியை வென்றால் புள்ளி கிடையாது, சர்வீஸ் உரிமைதான் கிடைக்கும்.

அன்றைய ஆட்டத்தில் அந்த ஏற்பாட்டில் யாருக்கும் பெரிய குறை இருந்திருக்காது. பந்தை அப்படியும் இப்படியும் தட்டிக்கொண்டிருந்த காலம் அது. பின்னர் பிலிப்பைன்ஸ் வீரர்கள் பந்தை உயரத் தூக்கிக் கொடுத்து ஓங்கி அடிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1917இல் ஆட்டம் 21 புள்ளியிலிருந்து 15க்கு இறங்கியது. 1920இல் ஒரு தரப்புக்கு மூன்று தொடுதல் என்று வரையறுத்தார்கள். பாஸ், செட், ஸ்மாஷ் என்ற வரிசை நிலைபெற்றதும் வாங்கும் தரப்பு பலம் பெற்றுவிட்டது. மார்கன் எளிமைக்காக வைத்த விதி அதன்பின் வேறொரு பொருள் கொண்டது: புள்ளி வேண்டுமானால் கடினமான பக்கத்தில் நின்றுதான் எடுக்க வேண்டும்.

அதே 1920இல்தான் ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் அந்தக் கல்லூரியில் பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் தமிழகப் பள்ளிகளுக்குப் பரவினார்கள். பழைய 15 புள்ளி ஆட்டத்தில் வளர்ந்த தமிழக வீரர் ஏ. பழனிசாமிக்கு 1961இல் அர்ஜுனா விருது கிடைத்தது. இந்திய ஆண்கள் அணி ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் வாங்கிய மூன்று பதக்கங்களும் (1958 டோக்கியோ வெண்கலம், 1962 ஜகார்த்தா வெள்ளி, 1986 சியோல் வெண்கலம்) அந்தப் பழைய கணக்கில் வந்தவைதான்.

அந்தக் கணக்கில் ஆடியவர்களுக்கு அதன் மேல் ஒரு பற்று உண்டு. 14–13 என்று பலகை நிற்கும். சர்வீஸ் இங்கிருந்து அங்கே போகும், அங்கிருந்து இங்கே வரும். ஒவ்வொரு ரேலியும் உயிரைக் கொடுத்து ஆடியதாக இருக்கும், பலகை மட்டும் அசையாது. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக் இறுதியில் போலந்து, சோவியத் ஒன்றியத்துக்கு எதிராக இரண்டு செட்டுக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்து, நான்காவது செட்டை 19–17 என்று மீட்டு, ஐந்தாவதையும் வென்று தங்கம் எடுத்தது. சர்வீஸைத் திரும்பப் பறிப்பதே ஒரு தனி வெற்றியாக இருந்த காலத்தின் உச்சம் அது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். வாங்கும் அணி மூன்றில் இரண்டு ரேலிகளை வெல்கிறது என்றால், பழைய முறையில் சராசரியாக மூன்று ரேலிக்கு ஒரு புள்ளிதான் விழும். 15–10 என்று முடியும் ஒரு செட்டுக்கு எழுபத்தைந்து ரேலிகள். வீரர்கள் இன்னும் தேறி, வாங்கும் அணி நான்கில் மூன்றை வெல்லத் தொடங்கினால் அதே செட் நூறு ரேலிகளாகிவிடும். ஆட்டம் சிறக்கச் சிறக்கப் பலகை நகராமல் போகும் முறை அது. ஒரு போட்டி முக்கால் மணி நேரத்திலும் முடியலாம், மூன்று மணி நேரத்தைத் தாண்டியும் ஓடலாம். தொலைக்காட்சிக்காரர்களால் இதற்கு நேரம் ஒதுக்க முடியவில்லை.

1988 சியோல் ஒலிம்பிக்குக்குப் பிறகு சர்வதேசக் கைப்பந்துச் சம்மேளனம் பாதி வழி வந்தது. ஐந்தாவது செட்டில் மட்டும் எந்த அணி ரேலியை வென்றாலும் புள்ளி. மற்ற செட்டுகள் 15ஐத் தாண்டி இழுத்தாலும் 17 புள்ளியோடு முடிவு. அப்போது சம்மேளனத் தலைவர் மெக்சிகோவின் ரூபன் அகோஸ்டா. அவர் காலத்திலேயே, 1998இல், எல்லா செட்டுகளுக்கும் ரேலி புள்ளி என்ற முடிவு வந்தது. முதல் நான்கு செட்டுகள் 25 புள்ளி, ஐந்தாவது 15. எதிலும் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும், அது வரும்வரை செட் ஓடும். 2000 சிட்னியில் ஒலிம்பிக் முதன்முறையாக இந்தக் கணக்கில் நடந்தது.

இப்போது 25–20 என்ற செட்டுக்கு நாற்பத்தைந்து ரேலிகள், கூடுவதும் இல்லை குறைவதும் இல்லை. பழைய ஆட்டக்காரர்கள் சிலர் ஆன்மாவைப் பறித்துவிட்டார்கள் என்று இன்றும் வருந்துவார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த மாற்றம் சரியானது என்றே உறுதியாக நினைக்கிறேன். பழைய முறையில் ஒரு நல்ல தடுப்பு, பறந்து விழுந்து எடுத்த பந்து, அதிலிருந்து பிறந்த ஓர் அழகான அடி, இவ்வளவும் நடந்து முடிந்தும் பலகையில் எதுவுமே பதிவாகாமல் போகும். ஆடியதற்கெல்லாம் கணக்கு உண்டு என்பது ஆட்டக்காரருக்குச் செய்யும் மரியாதை. 24–19இலிருந்து ஓர் அணி மீண்டு வருவதன் படபடப்பும் இந்தக் கணக்கில்தான் இத்தனை கூர்மையாக இருக்கிறது.

எட்டு விநாடி

நடுவர் விசில் ஊதியதும் சர்வீஸ் போட எட்டு விநாடி. அந்த எட்டு விநாடி கைப்பந்தில் வேறெங்கும் இல்லாத ஒன்று. இந்த ஆட்டத்தில் பந்தைப் பிடித்து வைக்க முடியாது. மற்ற எல்லாத் தொடுதலும் பிறர் அனுப்பிய பந்துக்குப் பதில்தான். சர்வீஸில் மட்டும் பந்து உங்கள் கையில், நேரம் உங்கள் கையில், இடம் உங்கள் கையில். தவறினால் யாரையும் கை காட்டவும் முடியாது.

ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். வலை ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. கடைக்கோட்டுக்குப் பின்னால் எங்கிருந்து வேண்டுமானாலும் போடலாம். முன்பு வலது மூலையில் மூன்று மீட்டர் அகலத்துக்குள் நின்றுதான் போட வேண்டியிருந்தது. 1990களின் நடுவில் ஒன்பது மீட்டரையும் திறந்துவிட்டார்கள். பந்தைத் தூக்கிப் போட்டு அல்லது கையை விட்டு, ஒரு கையால் அடிக்க வேண்டும். அடிக்கும் கணத்திலோ குதிக்கும் கணத்திலோ கால் கோட்டில் படக்கூடாது. குதித்தபின் களத்துக்குள் வந்து இறங்கலாம், ஜம்ப் சர்வீஸ் போடுபவர்கள் எல்லாரும் அப்படித்தான் இறங்குகிறார்கள். வலையை உரசிக்கொண்டு எதிர்ப்பக்கம் விழும் சர்வீஸ் பல காலம் தவறாகவே இருந்தது. 2000ஐ ஒட்டி அதைச் செல்லும் என்று ஆக்கினார்கள். வாங்கும் அணிக்கு இதைவிட எரிச்சலூட்டும் பந்து கிடையாது.

1980களின் பிரேசில் ஆண்கள் அணிக்கு நான் எப்போதும் கடன்பட்டவனாகவே உணர்கிறேன். சர்வீஸ் என்பதை ஒரு கலையாக உலகுக்குக் காட்டியவர்கள் அவர்கள். பெர்னார்ட் ரைஸ்மன், கீழிருந்து அடித்துப் பந்தை அரங்கத்தின் கூரை உயரத்துக்கு அனுப்புவார். பந்து விளக்குகளுக்குள் மறைந்து, வேகம் கூடி, வாங்குபவரின் தலைமேல் செங்குத்தாக விழும். ஒரு தொலைக்காட்சி விண்வெளித் தொடரின் பெயரையே பிரேசிலில் அதற்கு வைத்தார்கள். அதே அணியினர் கடைக்கோட்டுக்குப் பின்னிருந்து ஓடிவந்து குதித்து ஸ்மாஷ் போலவே சர்வீஸை அடித்தார்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் வெள்ளி வாங்கிய அந்த அணிதான் ஜம்ப் சர்வீஸை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. அதுவரை எதிரணி முன்வரிசை வலையருகே குதித்து சர்வீஸையே மறிக்கலாம் என்றிருந்தது. அந்த ஒலிம்பிக்குக்குப் பின் அதைத் தடை செய்தார்கள். சர்வீஸ் போடுபவருக்கு வலைக்கு மேல் வழி முழுதாகத் திறந்தது அப்போதுதான்.

இன்று உலகத் தரத்தில் ஜம்ப் சர்வீஸின் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தொடுகிறது. 130ஐத் தாண்டியவர்களும் உண்டு. பந்துக்கு முன்சுழற்சி கொடுத்து அடிப்பதால் காற்று அதைக் கீழே அழுத்தும். வெளியே போகிறது என்று நினைத்து விட்ட பந்து கோட்டுக்குள் குத்தும். எதிரணியின் பின்களத்துக்குப் பந்து போய்ச்சேர அரை விநாடிக்குக் கொஞ்சம் மேல். அதற்குள் கணித்து, நகர்ந்து, முன்கைகளைச் சேர்த்துப் பந்தின் வேகத்தைக் கொன்று செட்டரிடம் அனுப்ப வேண்டும்.

ஃப்ளோட் வேறு வகை. உள்ளங்கையின் கெட்டியான பகுதியால் பந்தின் நடுவில் சுருக்கென்று ஓர் அடி, கை அங்கேயே நின்றுவிடும். பந்து சுழலாது. 260 முதல் 280 கிராம் எடையுள்ள அந்த லேசான பந்து சுழலாமல் போகும்போது, அதன் மேல்தோல் இணைப்புகளைக் கடந்து செல்லும் காற்று ஒரு பக்கம் ஒட்டியும் மறுபக்கம் விலகியும் ஓடுகிறது. ஒரு குறிப்பிட்ட வேக எல்லையைக் கடந்து பந்து மெதுவாகும்போது காற்றின் எதிர்ப்பு திடீரென்று மாறுகிறது. அதனால்தான் பந்து நடுவழியில் தயங்குவதுபோல் தோன்றி, பக்கவாட்டில் விலகி, சட்டென்று இறங்கும். எந்தப் பக்கம் விலகும் என்று போட்டவருக்கே முன்கூட்டித் தெரியாது. பந்தை மேலே போடும்போதே வால்வு எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று பார்த்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது.

எங்கே போடுவது என்பதில்தான் அறிவு வேலை செய்கிறது. வாங்க நிற்பது பெரும்பாலும் மூன்று பேர், அவர்களில் ஒருவர் லிபெரோ. மாற்று நிறச் சட்டையில் நிற்கும் அந்தத் தடுப்பாட்டக்காரரிடம் கொண்டுபோய்ப் பந்தைக் கொடுப்பது வீண். இருவருக்கு இடையிலான சந்தில் போட்டால் யார் எடுப்பது என்ற தயக்கத்தில் ஒரு கணம் போகும். முன்வரிசை அடிப்பவரைக் குறிவைத்து வலைக்கு அருகே குட்டையாகப் போட்டால் அவர் குனிந்து எடுத்து, எழுந்து, பின்வாங்கி ஓடிவர நேரம் இருக்காது. அவர் பாஸ் சரியாகவே வந்தாலும் அடிப்பதற்கு அவர் இருக்க மாட்டார். நேரடியாகப் புள்ளி தரும் ஏஸ் விழுந்தால்தான் நல்ல சர்வீஸ் என்பதில்லை. செட்டரை வலையிலிருந்து நான்கடி பின்னுக்கு இழுத்த சர்வீஸும் நல்ல சர்வீஸ்தான். அதன்பின் பந்து எங்கே போகும் என்பது எதிரே மறிப்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

தவறின் விலை

"சர்வீஸை உள்ளே போடு!" நம்மூர் மின்னொளிக் கைப்பந்துப் போட்டிகளில் களத்துக்கு வெளியிலிருந்து அதிகம் கேட்கும் குரல் இதுதான். ஒரு பையன் ஓங்கி அடித்து வலையில் மாட்டினால் சொந்த அணியே முறைக்கும். ரேலி புள்ளி வந்தபின் இந்தப் பயம் கூடிவிட்டது. முன்பு சர்வீஸ் தவறினால் உரிமைதான் போகும், இப்போது எதிரணிக்குப் புள்ளி ஏறுகிறதே என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மென்மையான சர்வீஸைத் தேர்ந்த அணி ஒன்று வாங்கினால் மூன்றில் இரண்டு முறை, சில வேளை நான்கில் மூன்று முறை, எப்படியும் அந்த ரேலி எதிரணிக்குத்தான். ஆக, தவறிய சர்வீஸால் நீங்கள் இழப்பது ஒரு முழுப் புள்ளி அல்ல. உங்களுக்கு இருந்த மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பைத்தான் இழக்கிறீர்கள். பழைய கணக்கிலும் இழந்தது அதே பங்குதான், பலகையில் தெரியவில்லை, அவ்வளவே. ஐந்து சர்வீஸில் ஒன்று வெளியே போனாலும் மீதி நான்கும் எதிரணியின் பாஸைக் குலைத்து ரேலியைச் சமநிலைக்குக் கொண்டுவந்தால், நான்கில் இரண்டு உங்களுக்கு. ஐந்தையும் மெதுவாக உள்ளே போட்டு மூன்றில் ஒரு பங்கு எடுப்பவருக்கு இரண்டு புள்ளிகூடத் தேறாது. உலகின் முன்னணி ஆண்கள் அணிகள் அத்தனை சர்வீஸ்களை வீணாக்கியும் பயிற்சியாளர்கள் ஏன் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு விடை இந்தச் சிறிய கூட்டல் கழித்தலில் இருக்கிறது.

பள்ளி அளவில் இந்தக் கணக்கு மாறும், அதை மறுக்கவில்லை. பாஸ் எடுக்கவே தடுமாறும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எதிரே, உள்ளே விழும் எந்த சர்வீஸும் புள்ளிதான். எதிரணியின் பாஸ் எந்த அளவு தேறியிருக்கிறதோ அந்த அளவு நம் சர்வீஸில் துணிச்சல் வேண்டும். மாவட்ட அளவைத் தாண்டிய ஓர் அணியைப் பன்னிரண்டு வயதுக்குச் சொன்ன அறிவுரையோடு அனுப்புவது அநியாயம்.

யார் போட வேண்டும்

சர்வீஸ் ஒருவருடைய தனி உரிமையாக இருக்கக்கூடாது என்பது கைப்பந்தின் நேர்த்தியான எண்ணங்களில் ஒன்று. வாங்கிய அணி ரேலியை வென்று சர்வீஸைப் பெறும்போது ஆறு பேரும் கடிகாரச் சுற்றில் ஓரிடம் நகர்கிறார்கள். முன்வரிசை வலதில் இருந்தவர் பின்வரிசை வலதுக்கு வந்து சர்வீஸ் போடுகிறார். தன் அணி ரேலிகளை வென்றுகொண்டிருக்கும்வரை அவரே தொடர்வார். சுற்று உருளும்போது இரண்டு மீட்டர் உயரமுள்ள நடுத் தடுப்பாளரும் பின்களத்துக்குப் போக வேண்டும், குள்ளமான செட்டரும் வலையோரம் நின்று குதிக்க வேண்டும்.

இதனால் ஆட்டம் தொடங்குமுன் பயிற்சியாளர் எழுதித்தரும் வரிசைச் சீட்டுக்கு ஒரு சூட்சுமம் உண்டு. முதலில் சர்வீஸ் போடும் அணி, தன் சிறந்த சர்வீஸ்காரரை ஒன்றாம் இடத்தில் எழுதலாம். முதலில் வாங்கும் அணி அவரை இரண்டாம் இடத்தில் எழுத வேண்டும். சர்வீஸ் கிடைத்ததும் ஒரு சுற்று சுற்றுவதால், முதலில் போடப்போவது அவர்தான். வாங்கும் அணி சர்வீஸ் அடிக்கப்படும் கணம்வரை தத்தம் இடவரிசையை மீறி நிற்கவும் கூடாது. அதன்பின் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். பார்வையாளர்களுக்கு ஒரே குழப்பமாகத் தெரியும் அந்த இடமாற்றம் ஒரு கணத்துக்கு முன்புவரை கண்டிப்பான ஒழுங்கில் இருந்ததுதான்.

முறை மாறி வேறொருவர் சர்வீஸ் போட்டுவிட்டால் புள்ளியும் சர்வீஸும் எதிரணிக்குப் போகும். தவறு பிறகு தெரியவந்து, அது எப்போது தொடங்கியது என்றும் கணக்குச் சீட்டில் காட்ட முடிந்தால், அந்தக் கணத்திலிருந்து அந்த அணி எடுத்த புள்ளிகளும் அழிக்கப்படும். எதிரணி எடுத்தவை அப்படியே நிற்கும். கணக்கு எழுதும் மேசையில் உட்காருபவர் களத்தில் ஆடும் ஒருவருக்குச் சமம் என்று நான் சொல்வது இதனால்தான். நம் ஊர்ப் போட்டிகளில் அந்த வேலையைப் பெரும்பாலும் கையில் கிடைத்த யாரோ ஒருவரிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

கூட்டினால் சமம்

இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும் என்ற விதி தென்கொரிய லீக்கில் 2013இல் ஒரு செட்டை 56–54 வரை இழுத்துச் சென்றது. ஆனால் என்னை எப்போதும் வியக்கவைப்பது வேறொன்று. ஒரு போட்டியின் ஐந்து செட்டுகளையும் கூட்டிப் பாருங்கள்.

2012 லண்டன் ஒலிம்பிக், ஆண்கள் இறுதி. முதல் இரண்டு செட்டுகள் பிரேசிலுக்கு, 25–19, 25–20. மூன்றாவதில் மேட்ச் பாயிண்ட் வரை வந்தார்கள். ரஷ்யப் பயிற்சியாளர் விளாதிமிர் அலெக்னோ, 2.18 மீட்டர் உயர நடுத் தடுப்பாளர் திமித்ரி முசெர்ஸ்கியை வலது ஓர அடிப்பவராக மாற்றி நிறுத்தினார். அந்தச் செட் 29–27, அடுத்தது 25–22, கடைசி 15–9, மூன்றும் ரஷ்யாவுக்கு. தங்கமும் ரஷ்யாவுக்கு. கூட்டினால் ரஷ்யா எடுத்தது 108 புள்ளி, பிரேசில் எடுத்ததும் 108.

ஏதென்ஸ் அரையிறுதி இன்னும் கொடுமை. முதல் இரண்டு செட்டுகளில் 18, 21 என்று தோற்ற ரஷ்யப் பெண்கள் மொத்தத்தில் 108 புள்ளி, தோற்றுப்போன பிரேசில் 112. அந்த ரஷ்யாவும் இறுதியில் சீனாவுக்கு எதிராக முதல் இரண்டு செட்டுகளை வென்று, அடுத்த மூன்றையும் இழந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து லண்டன் காலிறுதியில் அதே ரஷ்யாவின் ஆறு மேட்ச் பாயிண்டுகளைத் தடுத்து, ஐந்தாவது செட்டை 21–19 என்று பிரேசில் பெண்கள் எடுத்தார்கள், பின்பு தங்கமும் வாங்கினார்கள். இரண்டு போட்டிகளிலும் பிரேசிலின் பயிற்சியாளர் ஜோசே ரொபேர்த்து கிமராயிஸ்.

நேரம் பார்த்து முடிக்கும் ஆட்டங்களில் முன்னிலையைக் காத்துக்கொண்டு பொழுதைக் கழிக்கலாம். இங்கே அது முடியாது. எவ்வளவு முன்னே இருந்தாலும் கடைசிப் புள்ளியை வென்றுதான் ஆக வேண்டும். அதனால்தான் லீக் போட்டிகளிலும் 3–0, 3–1 வெற்றிக்கு மூன்று புள்ளி, 3–2 வெற்றிக்கு இரண்டு, அப்படித் தோற்ற அணிக்கும் ஒன்று என்று பகிர்கிறார்கள். நியாயமான பங்கீடு.

2023 செப்டம்பரில் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் தென்கொரியாவை வென்றார்கள். 25–27, 29–27, 25–22, 20–25, 17–15. இதையும் கூட்டினேன். இந்தியா 116, கொரியா 116. ஒவ்வொரு செட்டின் முடிவிலும் யாரோ ஒருவர் கடைக்கோட்டுக்குப் பின்னால் எட்டு விநாடியோடு நின்றிருப்பார்.

இந்தியாவில் நடந்த தொழில்முறை லீக்குகள் கணக்கை இன்னும் சுருக்கிப் பார்த்தன. சென்னை ஸ்பார்ட்டன்ஸ் கோப்பை வென்ற 2019 லீக்கில் செட்டுக்கு 15 புள்ளிதான், ஏஸ் சர்வீஸுக்கு இரண்டு புள்ளி. ஏஸுக்கு இரட்டைப் புள்ளி என்பதில் எனக்கு உடன்பாடில்லை. எதிரணியின் பாஸை இரண்டடி தள்ளிவைத்த சர்வீஸின் உழைப்பை அது கீழே இறக்கிவிடுகிறது. ஆனாலும் சர்வீஸில் துணிந்து அடி என்று நம் பிள்ளைகளுக்கு உரக்கச் சொன்ன முதல் விதி அதுதான் என்பதால் அதன் மேல் கோபமும் இல்லை.

பள்ளிகளிலும் ஊர்க் குழுக்களிலும் பயிற்சி கொடுப்பவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. சர்வீஸ் பழக்கத்தைப் பெரும்பாலும் பயிற்சியின் தொடக்கத்தில், உடம்பைச் சூடேற்றும் வேலையாக வைக்கிறீர்கள். அதைக் கடைசிக்கு மாற்றுங்கள். தாண்டித் தாண்டித் தொடை தளர்ந்த பிறகு, கை கனத்த பிறகு, ஒவ்வொருவரையும் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தி, எதிரே மூன்று பேரை வாங்க நிறுத்தி, 23–24 என்று பலகையில் எழுதி வைத்து, இருவருக்கு இடையிலான சந்தைக் காட்டி அடிக்கச் சொல்லுங்கள். வெளியே போனால் திட்டாதீர்கள், அடுத்த பந்தைக் கொடுங்கள்.